சனிக்கிழமைதோறும் லாக் அழிக்கும் உத்தரவைத் திரும்பப் பெறுங்கள்: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். குன்னூர் அலுவலகத்தில் நம் யூனிக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவன் எழுதுகிறேன். அலுவலகக் குறிப்பாக அனுப்பியவை எதற்கும் பதில் வராததால்தான் இப்படி எல்லோரும் பார்க்க எழுத நேர்ந்தது. கேட்பது ஒன்றே ஒன்று. சனிக்கிழமைதோறும் எல்லா லாக் கோப்புகளையும், அதாவது சர்வர் தன்னிடம் நடப்பதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவுகளை, அழித்துவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்ற உத்தரவைத் திரும்பப் பெறுங்கள்.

அந்த உத்தரவு எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பச்சைத் தேயிலைக் கணக்கு சர்வரில் சிஸ்டம் டிஸ்க் நிரம்பி, பில் போடுவது நின்றது. இடத்தை எது அடைத்திருக்கிறது என்று கேட்டீர்கள், லாக் என்று சொன்னோம். அழித்துவிடுங்கள் என்று முடித்தீர்கள். லாக் ஏன் அவ்வளவு பெருத்தது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. ஒரு கொள்முதல் மையத்தில் எடை மெஷினின் கேபிள் பழுதாகியிருந்தது. இணைப்பு கிடைக்காத புரோகிராம் நொடிக்கு நொடி முயன்று, ஒவ்வொரு முறையும் அதே எரரை எழுதிக்கொண்டிருந்தது. கேபிளை மாற்றுங்கள் என்று சர்வர் இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருந்ததற்கு நாம் செய்த வைத்தியம், அதன் வாயை அடைத்தது.

அழித்தும் இடம் வந்துவிடவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன். யூனிக்ஸில் ஒரு புரோகிராம் திறந்து எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை அழித்தால் டைரக்டரியிலிருந்து பெயர்தான் போகும். அந்தப் புரோகிராம் கோப்பை மூடும்வரை டிஸ்க்கில் இடம் விடுபடாது. கோப்புகளின் அளவைக் கூட்டிக் காட்டும் டியூ கமாண்டில் பார்த்தால் கோப்பே இல்லை, டிஸ்க்கில் மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்டில் பார்த்தால் டிஸ்க் நிறைந்தே இருக்கிறது. இதை விளக்கிச் சொன்னோம். அதற்கு வந்த பதில்தான் உத்தரவின் இரண்டாம் பாதி: அப்படியானால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். இந்தச் சிக்கலுக்கென்றே லாக்ரொட்டேட் என்ற கருவி, யூனிக்ஸ் வகையான லினக்ஸ் ஓடும் எல்லா சர்வரிலும் கிடைக்கிறது. பழைய லாக்கைப் பெயர் மாற்றி ஒதுக்கும், சுருக்கும், புதிய கோப்பில் எழுதும்படி புரோகிராமுக்குச் சொல்லும், குறித்த காலம் கடந்ததை மட்டும் நீக்கும். ஒரே மாதிரி வரிகள் நிறைந்த லாக் சுருக்கினால் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். செலவில்லாத அந்த வழியை எழுதியும் கொடுத்தோம்.

இதெல்லாம் எங்கள் வேலைச் சிரமம் என்று நீங்கள் ஒதுக்கலாம். அப்படியிருந்தால் நானும் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். வடகிழக்குப் பருவமழையில் நடந்ததைப் பொறுக்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை கோத்தகிரிப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. நம் மையங்களில் வழக்கம்போல இலை எடை போட்டார்கள், சீட்டும் கொடுத்தார்கள். இங்கே கணக்கு எழுதும் டிஸ்க் ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் இப்படிப் பிழை வந்தால், இருக்கிற கணக்காவது பாழாகாமல் இருக்கட்டும் என்று லினக்ஸ் பெரும்பாலும் அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் முடிகிற நிலைக்கு மாற்றிவிடும். அதன் பிறகு வரும் எடை எதுவும் கணக்கில் ஏறாது. இரவுப் பணியை நீங்கள் நிறுத்திவிட்டதால் அதைப் பார்க்க ஆளில்லை. சனிக்கிழமை விடிவதற்குள் உத்தரவுப்படி லாக் எல்லாம் தானாக அழிந்தது. சர்வர் ரீஸ்டார்ட் ஆனது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் நினைவில் வைத்திருந்த செய்திகளும் அதோடு போயின. நாங்கள் வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. படிக்க முடியாத செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகள், கூடியிருப்பதாக டிஸ்க் தனக்குள்ளேயே குறித்துவைத்திருந்த ஸ்மார்ட் கணக்கு மட்டும் மிஞ்சியது. மேலே சொன்னதை அதை வைத்துத்தான் நாங்கள் ஊகித்தோம்.

அடுத்த வாரம் ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். சிறு விவசாயி. சொந்தத் தோட்டத்து இலையைத் தானே பறித்து, தானே சுமந்துவந்து மையத்தில் போடுகிறவர். வெள்ளிக்கிழமை போட்ட எடை பில்லில் இல்லை. கையில் இருந்த தெர்மல் சீட்டு மழையில் ஊறி, எழுத்து மங்கி, பிரிப்பதற்கே பயமாக இருந்தது. கணக்குப் பிரிவில் பதிவு இல்லை என்றால் பணம் இல்லை என்று சொல்லி அவரை எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். "மெஷின்ல நம்பர் வந்தத நான் பாத்தேன் தம்பி. அது எங்க போச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

பதில் சொல்ல முடிந்திருக்க வேண்டிய கேள்வி அது. எந்த மையம் எத்தனை மணிக்கு சர்வரோடு பேசியது, எந்தப் பதிவை சர்வர் வாங்க மறுத்தது, மையத்துக் கணினி மறுபடி அனுப்பிப் பார்த்ததா, விட்டுவிட்டதா என்பதெல்லாம் வரிசையாக லாக்கில் இருந்திருக்கும். லாக் எழுதப்படுவது வேறு டிஸ்க் என்பதால் அதற்குச் சேதமும் இல்லை. மையங்களில் உள்ள கணினிகளுக்கும் இதே உத்தரவுதான் என்பதால் அங்கேயும் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் மட்டுமில்லை, அதே மையத்தில் அன்று இலை போட்ட மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதற்கு நம்மிடம் இருந்த ஒரே சாட்சியை நாமே அழித்திருக்கிறோம். அதனால்தான் கேட்கிறேன், அந்த உத்தரவைத் திரும்பப் பெறுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டும்படி இணைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் மையங்களில் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டுகின்றன. இந்த நிலையில் லாக் இருந்தாலும் இரண்டு மையத்து வரிகளைப் பக்கத்தில் வைத்துப் படிப்பது கடினம். 180 நாள் இருக்க வேண்டியதை நாம் ஏழு நாள்கூட முழுதாக வைத்திருப்பதில்லை.

மலையில் இருப்பவர்களுக்கு இது போதும் என்ற நினைப்பு எல்லாவற்றிலும் தெரிகிறது. மாற்று டிஸ்க் ஒன்றுகூடக் குன்னூரில் இல்லை, கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். பர்லியாறு பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும், அந்தச் சாலையும் சேர்ந்து அடைபடும் நாட்கள் உண்டு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் சுமார் 82 சென்டிமீட்டர் மழை பெய்து மலை சரிந்ததையும், உயிர்கள் போனதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. மழை வரும், கரண்ட் போகும், லைன் அறுபடும் என்று தெரிந்தே இங்கே தொழில் நடத்துகிறோம். இலை விலைக்காக விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று குரல் கொடுக்கிறார்கள். அந்த விலையும் எடை பதிவானால்தானே கைக்கு வரும்?

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. சர்வர்களின் லாக் எல்லாம் வேறொரு கணினிக்கும் உடனுக்குடன் போகட்டும், அந்தக் கணினி கோயம்புத்தூர் கிளையில் இருக்கட்டும். லாக்கைச் சேகரித்து அனுப்பும் ஆர்சிஸ்லாக் என்ற புரோகிராமில் இதற்கு வசதி இருக்கிறது. பழைய யூடிபி முறையில் அனுப்பினால் வழியில் தொலைந்த வரி தொலைந்ததுதான், தொலைந்தது என்றுகூடத் தெரியாது. தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபி முறையில், டிஸ்க்கில் வரிசை வைத்து அனுப்பினால், லைன் அறுபட்ட நேரத்துச் செய்திகள் இங்கேயே காத்திருந்து லைன் வந்ததும் போய்ச் சேரும். சிஸ்லாக் என்ற இந்த லாக் முறையில் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எண் உண்டு, எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். எரர் என்பது 3. 0 முதல் 3 வரை உள்ளவை வந்தவுடன் பணியில் இருப்பவரின் போனுக்கு எஸ்எம்எஸ் போகட்டும். அதைப் பார்க்க இலை வரத்து அதிகமுள்ள மாதங்களிலாவது இரவில் ஒருவர் இருக்கட்டும். மற்றதைப் படிக்கத் தினமும் காலையில் எங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். இப்போது அந்த நேரத்தில் பிரின்டருக்கு இங்க் மாற்றவும் கணக்குப் பிரிவின் பாஸ்வேர்டுகளைச் சரிசெய்யவும் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

இவற்றுக்கு நாள் ஆகலாம் என்றால் காத்திருக்கிறோம். உத்தரவைத் திரும்பப் பெற நாள் ஆக வேண்டியதில்லை, ஒரு வரி எழுதினால் போதும். வருகிற சனிக்கிழமைக்கு முன் அந்த ஒரு வரியைத் தாருங்கள். அந்த வெள்ளிக்கிழமை இலை போட்டவர்களுக்கு, முந்தைய வாரங்களின் எடையைப் பார்த்து ஒரு நியாயமான தொகையைக் கொடுக்கும்படி கணக்குப் பிரிவுக்கும் சொல்லுங்கள். லாக்கை அழித்தது நம் உத்தரவு, அதன் நட்டம் அவர்கள் தலையில் விழக் கூடாது என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சர்வர் நிர்வாகி,
குன்னூர்