"தடுக்கி விழுந்தார்" என்று எழுதுவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

முதியோர் விழுவது பற்றிய உன் ஆய்வுத் திட்டத்தின் வரைவை இரண்டு முறை படித்தேன். நோக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் நான்காம் பக்கத்தில் ஒரு வரி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும்: "மயங்கி விழுந்தவர்களைச் சேர்க்கப்போவதில்லை." அவர்களை எப்படிப் பிரிப்பாய் என்று தேடினால், "மயக்கம் வந்ததா, தடுக்கி விழுந்தீர்களா?" என்ற ஒற்றைக் கேள்விதான் இருக்கிறது.

மூளைக்கு ரத்தம் போவது 6 முதல் 8 விநாடி நின்றாலே நினைவு முழுதாகத் தப்பிவிடும். விழுந்ததும் உடல் கிடைநிலைக்கு வருகிறது, ரத்தம் தலைக்குத் திரும்புகிறது, சில விநாடிகளில் கண் திறக்கிறார்கள். இடையில் போன அந்த நேரம் பலருக்கு நினைவிலேயே இருக்காது. சாய்மேசைச் சோதனையில் (மேசையில் படுக்க வைத்து, அதை நிமிர்த்தி, மயக்கம் வருகிறதா என்று பார்ப்பது) நம் கண்ணெதிரே மயங்கியவர்களிலும் "நான் மயங்கவே இல்லையே" என்பவர்கள் உண்டு. போதாததற்கு மனம் தானாக ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்ளும்: மிதியடி மடங்கியிருந்தது, கால் இடறிவிட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார்கள். தனியாக இருப்பவர் என்றால் பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை.

ஆகவே கேள்வியை மாற்று. விழுந்தது நினைவிருக்கிறதா, தரையில் கிடந்தது மட்டும் நினைவிருக்கிறதா? அதற்கு முந்தைய நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தார்: படுக்கையிலிருந்து எழுந்தாரா, சாப்பிட்டு முடித்தாரா, சிறுநீர் கழித்தாரா, கழுத்தைத் திருப்பினாரா? காயத்தையும் பார். தடுக்கியவர் கையை ஊன்றுவார். உள்ளங்கையும் மணிக்கட்டும் சொல்லும். முகத்தில் அடி, கையில் ஒரு சிராய்ப்பும் இல்லை என்றால், விழும்போது ஆள் விழிப்பில் இருந்தாரா என்று சந்தேகப்படு.

மயங்குவது, விழுவது என்ற இந்த இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கின்றன என்பதைக் காட்டியது கரோடிட் சைனஸ் (கழுத்துத் தமனியில் ரத்த அழுத்தத்தை உணரும் இடம்) பற்றிய ஆய்வுகள்தான். ரோஸ் ஆன் கென்னியின் நியூகாசில் குழு 2001-இல் வெளியிட்ட சேஃப் பேஸ் ஆய்வில் 175 பேர். காரணம் தெரியாமல் விழுந்து, கழுத்தை அழுத்தியதும் இதயத் துடிப்பு நின்றுபோகும் தன்மை உள்ளவர்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களிடம் விழும் எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் அதில் யாருக்குக் கருவி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு, கருவியை எல்லோருக்கும் வைத்துவிட்டு, இயக்கியும் நிறுத்தியும் யாருக்கும் தெரியாமல் ஒப்பிட்ட 2009 ஆய்வில் அந்தப் பலன் காணாமல் போனது. உன் திட்டத்தில் 2001-ஐ மட்டும் மேற்கோள் காட்டியிருக்கிறாய். இரண்டையும் போடு, இல்லாவிட்டால் மதிப்பீட்டாளர் போடுவார்.

கரோடிட் அழுத்தச் சோதனை உன் நெறிமுறையில் இருப்பதால் இதையும் எழுது: கடந்த 3 மாதங்களில் பக்கவாதம், தற்காலிகப் பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களுக்குக் கூடாது, கழுத்தில் ஸ்டெத் வைத்தால் இரைச்சல் கேட்பவர்களுக்கும் கூடாது. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். ஒருபோதும் இரண்டையும் சேர்த்து அழுத்தாதே. 5 முதல் 10 விநாடி, படுத்த நிலையிலும் நிமிர்த்திய நிலையிலும், ஈ.சி.ஜி. தொடர்ந்து ஓட வேண்டும். துடிப்பு 3 விநாடிக்கு மேல் நின்றாலோ, சிஸ்டாலிக் (பி.பி.யின் மேல் எண்) 50 மி.மீ.க்கு மேல் இறங்கினாலோ நேர்மறை. நிமிர்த்திய நிலையில் செய்யாமல் விட்டால் கணிசமானவர்கள் தப்பிவிடுவார்கள்.

இனி நீ ஒரே வரியில் முடித்துவிட்ட பி.பி. அளவீடு. "உட்கார்ந்தும் நின்றும் எடுக்கப்படும்" என்கிறாய். உட்கார்ந்திருக்கும்போதே கொஞ்சம் ரத்தம் காலுக்கு இறங்கியிருக்கும். நிற்கும்போது வீழ்ச்சி சின்னதாகத் தெரியும். 5 நிமிடம் படுக்க வைத்து எடு. எழுந்து நின்றதும் 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. 3 நிமிடத்துக்குள் சிஸ்டாலிக் 20, அல்லது டயஸ்டாலிக் (கீழ் எண்) 10 இறங்கினால் நிலைமாற்றத் தாழ்அழுத்தம். படுத்த நிலையிலேயே அழுத்தம் அதிகமாக உள்ளவருக்கு 30 என்று வைத்துக்கொள். 3 நிமிட அளவு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. 2017-இல் வந்த ஒரு பெரிய பகுப்பாய்வில், முதல் நிமிட அளவுதான் தலைசுற்றலோடும் விழுதலோடும் நெருக்கமாக ஒட்டியது.

பிசகுவது பெரும்பாலும் கையில். நின்றதும் செவிலியர் கையைத் தொங்கவிட்டே பட்டையை ஊத விடுவார். இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. இறங்கினால் 7, 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். உண்மையில் 25 இறங்கியிருக்கும். தாளில் 17 என்று வரும். "இயல்பு" என்று கையெழுத்தாகிவிடும். முன்கையை மார்பு மட்டத்தில் தாங்க ஒரு உயரமேசை வை. நாடியையும் எழுது. அழுத்தம் நன்றாக இறங்கியும் நாடி ஏறவில்லை என்றால் (ஒவ்வொரு மி.மீ. வீழ்ச்சிக்கும் 0.5 துடிப்புகூட ஏறவில்லை என்றால்) நாடியையும் அழுத்தத்தையும் தானாகச் சீராக்கும் தன்னியக்க நரம்புகளில் கோளாறு இருக்கலாம். நாடி விறுவிறுவென்று ஏறினால் நீர்ச்சத்துக் குறைவையும் மாத்திரைகளையும் முதலில் பார். நேரத்தையும் குறி. காலையில் எடுத்ததும் மாலையில் எடுத்ததும் ஒன்றல்ல. சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் எடுத்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய வீழ்ச்சியும் கலந்துவிடும்.

இவ்வளவு செய்தும், ஊதும் பட்டைக்குச் சிக்காத ஒன்று இருக்கிறது: எழுந்த முதல் 15 விநாடியில் 40 மி.மீ. இறங்கி உடனே மீண்டுவிடும் வகை. பட்டை ஊதி முடிப்பதற்குள் கதை முடிந்திருக்கும். விரலில் மாட்டி ஒவ்வொரு துடிப்புக்கும் அளக்கும் கருவிதான் அதைப் பிடிக்கும். டப்ளின் டிரினிட்டி கல்லூரி முதியோரைத் தொடர்ந்து கவனித்து நடத்தும் டில்டா ஆய்வில் அப்படித்தான் அளந்தார்கள். எழுந்து 40 விநாடி ஆகியும் அழுத்தம் மீளாதவர்கள் பின்னாளில் காரணம் தெரியாமல் விழுவது அதிகம் என்று கண்டார்கள். கருவிக்குப் பணம் கேள். கிடைக்காவிட்டால், "ஆரம்ப வீழ்ச்சியை அளக்கவில்லை" என்று வரம்புகளில் நேர்மையாக எழுது.

உடல் நலிவு பற்றிய பகுதியில் இரண்டு அளவைகளைக் குழப்பியிருக்கிறாய். ஆய்வாளர் ஃப்ரைட் 2001-இல் தந்தது ஐந்து அடையாளம்: தானாக எடை குறைதல், சோர்வு, பிடிவலு குறைவு, மெதுவான நடை, இயக்கக் குறைவு. மூன்று இருந்தால் நலிவு, ஒன்றிரண்டு இருந்தால் முன்நலிவு. ராக்வுட் என்ற ஆய்வாளரின் வழி வேறு. குறைகளை எண்ணி, இருப்பதை மொத்தத்தால் வகுப்பது. நீ எண்ணும் பட்டியலில் "கடந்த ஆண்டு விழுந்தாரா" என்பதும் ஒரு குறை! அதை வைத்து விழுவதைக் கணிப்பது, விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவது. எடுத்துவிடு. ஃப்ரைட் வழியில் போனால், சோர்வுக் கேள்விகள் இரண்டும் மனச்சோர்வு அளவையிலிருந்து வந்தவை என்பதை மறக்காதே. மனச்சோர்வைத் தனியாக அளக்காவிட்டால் எது எது என்று தெரியாது.

எழுந்து நடந்து திரும்பும் சோதனைக்குக் கைப்பிடி உள்ள நாற்காலி, 3 மீட்டர், வழக்கமான வேகம், 12 விநாடி வரம்பு: நீ எழுதியது சரி. "போங்க" என்றதும் கடிகாரத்தைத் தொடங்கு. முதுகு நாற்காலியை விட்ட பிறகு அல்ல. நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்று பதில் சொல்பவர்களையும் குறித்துக்கொள். 1997-இலேயே லண்டின்-ஓல்சன் கவனித்த விஷயம், காசு செலவில்லாத சோதனை.

விழுந்ததை எண்ணுவது எப்படி? "ஓராண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள்" என்று ஆண்டு முடிவில் கேட்காதே. அடிபடாத விழுதல்கள் மறந்துபோகும். தினமும் குறிக்கும் நாட்காட்டி கொடு, மாதம் ஒருமுறை திருப்பி வாங்கு, வராவிட்டால் தொலைபேசியில் அழை. சிலர் ஒரு முறையும் விழமாட்டார்கள், ஒருவரே இருபது முறை விழுவார். சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த ஒருவர் உன் முடிவையே இழுத்துப் போவார். புள்ளியியலாளரிடம் நெகட்டிவ் பைனாமியல் (இப்படி ஏற்றத்தாழ்வு அதிகமான எண்ணிக்கைகளுக்கான முறை) என்று சொல், புரியும்.

சிகிச்சைப் பிரிவில் வீட்டைச் சரிசெய்வதற்கு அவ்வளவு இடம் வேண்டுமா என்று யோசி. கனடாவில் முதியோர் இல்லங்களின் கேமராக்களில் பதிவான 227 விழுதல்களை ராபினோவிச் குழு பார்த்து 2013-இல் எழுதியது: 41 சதவீதம் உடல் எடையைத் தவறாக மாற்றியதால், தடுக்கியது 21, வழுக்கியது 3 சதவீதம்தான். இல்லத்தில் நடப்பது வீட்டில் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சமநிலைப் பயிற்சிதான் மையம் என்பதற்கு இது பலம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 காக்ரேன் தொகுப்பில் உடற்பயிற்சி விழும் விகிதத்தை 23 சதவீதம் குறைத்தது. வாரம் 3 மணி நேரமாவது வேண்டும், கையைப் பிடிக்காமல், கால்களை நெருக்கி, எடையைப் பக்கவாட்டில் மாற்றி. பெரும்பாலான வகுப்புகள் கெடுவது இங்கேதான்: எல்லோரும் நாற்காலி முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்குவார்கள், மாதக்கணக்கில் அதே பயிற்சி.

விழுதலைத் தடுக்கும் முயற்சிகளைச் சோதித்த ஸ்டிரைட் (5,451 பேர்), பிரிஃபிட் (9,803 பேர்) ஆய்வுகள் இரண்டும் 2020-இல் வந்தன. முதலாவது கடுமையான காயத்தையும் இரண்டாவது எலும்பு முறிவையும் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. இவற்றை மறைக்காதே. பரிந்துரை எழுதுவதற்கும் அது நடப்பதற்கும் இடையில் எவ்வளவு உதிர்கிறது என்பதுதான் இவற்றிலிருந்து நான் புரிந்துகொண்டது. அதனால் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உண்மையில் செய்தார்கள் என்பதைப் பதிவு செய்.

வைட்டமின் டி பிரிவை வெட்டிவிடு. ஆண்டுக்கு ஒரே முறை 5,00,000 யூனிட் கொடுத்த 2010 ஆய்வில் மூதாட்டிகள் 15 சதவீதம் அதிகமாகவே விழுந்தார்கள்.

மாத்திரைப் பட்டியலில் தூக்க மாத்திரை, பழைய வகை மனச்சோர்வு மாத்திரை, சிறுநீர் போக்கி, புரோஸ்டேட்டுக்கான ஆல்ஃபா தடுப்பான் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறி. பி.பி. மாத்திரை அனைத்தையும் ஒரே கூடையில் போட்டு "குறைக்கவும்" என்று எழுதாதே. பி.பி.யை எவ்வளவு இறக்கலாம் என்று பார்த்த ஸ்பிரிண்ட் ஆய்வில் சிஸ்டாலிக் இலக்கை 120-க்குக் கீழே கொண்டுபோனபோது மயக்கம் சற்று கூடியது. காயம்படும் விழுதல் கூடவில்லை.

மறதி நோய் உள்ளவர்களையும் விலக்கியிருக்கிறாய். அதிகம் விழுபவர்கள் அவர்கள்தான். ஒப்புதலுக்குக் குடும்பத்தாரைச் சேர்த்து வேறு வழி பார்.

திருத்திய வரைவை அனுப்புவதற்கு முன் ஆய்வு அறைக்கு ஒருமுறை போய்ப் பார். படுக்க வைக்கக் கட்டில் இல்லாவிட்டால், நெறிமுறையில் என்ன எழுதினாலும் எல்லோரும் உட்கார வைத்துத்தான் எடுப்பார்கள்.

அன்புடன்,
அம்மா