எதையும் சாதிக்காத விவசாயி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் எங்கள் பெரியப்பா இறந்த செய்தி வந்தது. பொறையாறு பக்கம் கடைமடையில் விவசாயம் பார்த்தவர். சொந்தப் பெரியப்பா அல்ல. என் மேல்வயல்காரர், ஒரே சபை. "விவசாயத்தில் பெரிதாக எதையும் சாதிக்காவிட்டாலும் ஆலயப் பணிகளில் ஆர்வம் காட்டியவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப நன்றி. செத்தவர் எழுந்து வந்தா கேட்கப் போகிறார்?

2004 டிசம்பர் 26 பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பா கதிர் நின்ற எங்கள் வயலுக்குள் கடல் ஏறியது. தண்ணீர் வடிந்து மண் காய்ந்ததும் மேலெல்லாம் உப்பு பூத்து வெள்ளையாகக் கிடந்தது. விற்றுவிடலாம் என்றோம் நாங்கள். பெரியப்பா ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். வரப்பை உயர்த்திக் கட்டி, மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்தார். மறுபடியும் தேக்கி வடித்தார். ஜிப்சம் போட்டார். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கிற நேரத்தில் மடக்கி உழுதார். நாக்கு சரி என்று சொன்ன பிறகுதான் நாற்று விட்டார். அவரைப் பார்த்துத்தான் நானும் செய்தேன். இன்றைக்கும் அந்த நிலத்து நெல்லைத்தான் சாப்பிடுகிறேன்.

சரி, இது சாதனை இல்லை. உங்கள் வேளாண் பக்கத்தில் 'ஏக்கருக்கு 2 லட்சம் லாபம்' என்று சிரித்துக்கொண்டு நிற்பவர்களே சாதனையாளர்களாக இருக்கட்டும். அவர்களில் யாராவது கொள்முதல் நிலைய வாசலில் நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு, ஈரப்பதம் அவர்கள் கேட்கிற 17 சதவீதத்துக்கு இறங்குமா என்று ராத்திரியெல்லாம் கொசுக்கடியில் படுத்துக் கிடந்ததுண்டா?

அப்புறம், அடக்கத்தன்று 'திருப்பலி' நடந்ததாம். திருப்பலி கத்தோலிக்கர்களுடையது. நாங்கள் லுத்தரன் சபை ஐயா. ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், வந்து அடக்க ஆராதனை நடத்தினார், ஞானப்பாட்டு பாடினோம், அவ்வளவுதான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதும், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும் உங்கள் பத்திரிகைக்குத் தெரியாததா? கப்பலில் வந்தவரைத் தெரிகிறது. அவர் தொடங்கிய சபையில் இன்றைக்கும் சேற்றில் இறங்கி நிற்கிற ஆட்களைத்தான் தெரியமாட்டேன் என்கிறது.

போன வருஷம் எங்கள் அறுப்பின் பண்டிகைப் படத்துக்குக் கீழே 'கிறிஸ்துமஸ் கொண்டாட்டம்' என்று போட்டீர்கள். நெற்கட்டும் வாழைத்தாரும் பூசணியும் ஏலம் போகிற ஆலய முற்றத்தில் கிறிஸ்துமஸ் எங்கே வந்தது? அந்த நெற்கட்டு பெரியப்பா தலையில் சுமந்து வந்தது. போன் செய்து சொன்னேன், "பார்க்கிறோம்" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

திருத்தம் போடுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. உங்கள் நிருபர் வீட்டிலிருந்து ஒரு புகைப்படம் வாங்கிப் போனார். செய்தியோடு அதையும் போடவில்லை. பெரியப்பா தனியாக எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான். நினைவு ஆராதனைக்குச் சட்டம் போட வேண்டும் என்று பெரியம்மா தினமும் கேட்கிறார்கள். அதைத் தேடி அனுப்பிவையுங்கள். கூரியர் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மயிலாடுதுறை மாவட்டம்