செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வழக்கம்போல நடந்தன, வழக்கம்போலத் தாமதமாகத்தான். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது நம் மலேசிய ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்று நூல்களைப் பற்றி. நம்மில் சிலர் பிறந்த தோட்டத்தைப் பற்றி எழுதத் தொடங்கியிருப்பதால், பேசியதில் உருப்படியானதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பெரியவர்களிடம் "எந்த வருஷம் பாட்டி?" என்று கேட்டால் பதில் வராது. ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னாலா பின்னாலா, மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு அப்புறமா, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோதா என்று கேளுங்கள், தானாகக் கொட்டும். ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு வைத்திருந்தேன் என்றால் 1942க்கும் 1945க்கும் இடையில் என்று நீங்களே குறித்துக்கொள்ளலாம். கோயில் மணியிலும் உபயக் கல்லிலும் ஆண்டு இருக்கும், கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்காமல் எழுத வேண்டாம், வேலையை மேற்பார்த்த தண்டல் வீட்டுக் கதையும் பால் வெட்டியவர் வீட்டுக் கதையும் ஒன்றாக இருக்காது.

அப்புறம் காகிதம். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1875 முதலான சிலாங்கூர் செயலகக் கோப்புகள் உள்ளன. எல்லாம் ஆங்கிலம், துரைமார் பார்வைதான், ஆனாலும் தேதிக்கு அதைவிட்டால் வழியில்லை. தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது, பழைய தாள் கேட்டுப் போக அலுவலகம் கிடையாது. 1935இல் தொடங்கிய சிங்கப்பூர் நாளிதழ் தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது, மலாயாச் செய்தியும் அதில் வரும்.

அச்சுக்குப் போகுமுன் நூலுக்கான அடையாள எண்ணை, அதாவது ஐஎஸ்பிஎன் எண்ணை, நம் மலேசியத் தேசிய நூலகத்தில் வாங்குங்கள். வெளிவந்து ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும், 1986ஆம் ஆண்டுச் சட்டம் அது.

வெளியீட்டு விழா விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மண்டபத்தை முதலில் பிடித்துவிட்டு, அந்தத் தேதிக்காக மெய்ப்புப் பார்க்காமலே அச்சகத்தை விரட்டுகிறோம். பிரமுகர் தாமதமாக வருகிறார், பொன்னாடை, வாழ்த்துரை, முதல் நூலுக்குப் பண உறை. சரி, அச்சுச் செலவு தேறிவிடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உறை கொடுத்தவர் வாசிப்பதில்லை, மீதிப் பெட்டிகள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. அந்தத் தோட்டத்தை விட்டுப் போனவர்கள் கோயில் திருவிழாவுக்குத் திரும்பி வருவார்கள் அல்லவா, அங்கே ஒரு மேசை போடுங்கள். நூறு பிரதி மட்டும் டிஜிட்டலில் அடித்துப் பார்த்து, அவர்கள் சொல்லும் திருத்தத்தோடு அடுத்த அச்சுக்குப் போகலாம். பேட்டி கொடுத்தவருக்கு ஒரு பிரதி இலவசம், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வரும் ஆண்டில் கையெழுத்துப் பிரதிகளைக் கூட்டத்திலேயே வாசித்துச் சரிபார்க்கச் செயலவை முடிவு செய்துள்ளது. பிரதி தயாராக இருப்பவர்கள் இன்றே துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரையும் பார்த்துவிட்டுப் போகவும்.

இந்த அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
கோலாலம்பூர்