எண் தெரியட்டும், பெயரை நாங்களே சொல்லிக்கொள்கிறோம்

மதிப்பிற்குரிய இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் அவர்களுக்கும், தொலைத்தொடர்புத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2024 பிப்ரவரியில் ஆணையம் பரிந்துரைத்து, 2025 அக்டோபரில் துறையும் தாங்களும் உடன்பட்ட, அழைப்பவரின் பெயரைக் காட்டும் ‘சிஎன்ஏபி’ வசதி குறித்து இதை எழுதுகிறேன். சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் பதிவான பெயர், இனி எங்கள் அழைப்பைப் பெறுபவரின் திரையில் மணியடிக்கும்போதே தோன்றும். வேண்டாதவர் நீக்கிக்கொள்ளலாம் என்கிறீர்கள். ஆனால் அது அழைப்பைப் பெறுபவருக்கான சலுகை. என் பெயரைக் காட்டாதீர்கள் என்று அழைப்பவர் சொல்வதற்கும் எளிய வழி ஒன்று வேண்டும் என்பதே என் கோரிக்கை.

என் தங்கை மதுரையில் ஓர் ஆய்வகத்துக்காக வீடு வீடாகச் சென்று இரத்த மாதிரி எடுக்கிறாள். விடியற்காலையில் கிளம்புமுன் தன் சொந்த எண்ணிலிருந்தே ஒவ்வொரு வீட்டுக்கும் அழைத்து, “காபி குடிச்சிடாதீங்க, வெறும் வயிற்றோட இருங்க” என்று சொல்லியாக வேண்டும். ஆய்வகம் தனி எண் எதுவும் தரவில்லை. அழைப்பவரை அடையாளம் காட்டும் செயலி ஒன்றில் அவளுடைய எண் ‘பிளட் டெஸ்ட் பொண்ணு’ என்று வருவதை, மாதிரி எடுக்கப் போன வீட்டில்தான் சிரித்துக்கொண்டே அவளுக்குக் காட்டினார்கள். அந்தச் செயலியை அவள் ஒருநாளும் தன் கைப்பேசியில் வைத்ததில்லை. யாரோ தம் வசதிக்காகப் பதிந்த பெயர், அவருடைய தொடர்புப் பட்டியலோடு செயலிக்குப் போய் ஊர்ப்பொதுவாகிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு அழைத்து, “வேற என்னென்ன டெஸ்ட் எடுப்பே?” என்று கேட்பவர்களின் எண்களை முடக்குவது இப்போது அவளுடைய வேலைகளில் ஒன்று. இத்தனைக்கும் நடுவே அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே காப்பு, அந்த ஆட்களுக்கு அவளுடைய உண்மைப் பெயர் தெரியாது என்பதுதான். விண்ணப்பத்தில் உள்ளபடி அந்தப் பெயரையும் இனி அரசின் ஏற்பாட்டிலேயே அவர்கள் கையில் கொடுக்கப் போகிறோம். இன்ஸ்டாகிராமில் அவளைத் தேடிப் பிடிக்க அது போதும்.

அழைப்பவரின் எண்ணை மறைக்கும் ‘சிஎல்ஐஆர்’ வசதி பெற்றவர்களின் பெயர் காட்டப்படாது என்று தாங்கள் சொல்லக்கூடும். உளவுத் துறையினருக்கும் முக்கியப் பிரமுகர்களுக்கும் பொருந்துகிற அந்த வசதி, உரிய சரிபார்ப்புக்குப் பின் என் தங்கைக்கே கிடைத்தாலும் அவளுக்குப் பயனில்லை. அது எண்ணையே மறைத்துவிடும். எண் தெரியாத அழைப்பை எந்த நோயாளி எடுப்பார்? அவளுக்கு வேண்டியது எண் தெரிவதும் பெயர் மட்டும் மறைவதும்.

மோசடியைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்பதை அறிவேன். ஆனால் போலீஸ் போல நடித்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுகிறவன் தன் பெயரிலா சிம் வாங்கி வைத்திருக்கிறான்? எவரோ ஒரு கூலித் தொழிலாளியின் ஆவணத்தைக் காட்டி வாங்கிய சிம்மில் அந்த அப்பாவியின் பெயர்தான் திரையில் வரும். கணவர் பெயரில் எடுத்த சிம்மை அவர் இறந்த பின்னும் வைத்திருக்கும் பெண்கள் அழைத்தால் யார் பெயர் வரும் என்பதையும் யாராவது யோசித்தார்களா என்று தெரியவில்லை. விளம்பர அழைப்புக்கு 140, வங்கி முதலிய சேவை அழைப்புகளுக்கு 1600 என்று எண் வரிசை ஒதுக்கியது நல்ல ஏற்பாடு. அடையாளம் காட்டப்பட வேண்டியவை நிறுவனங்கள்தாம். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிந்த பிறகும் பத்து இலக்க எண்ணிலிருந்து “சார், பர்சனல் லோன் வேணுமா?” என்று கேட்பவர்களை நிறுத்த முடியாத நமது அமைப்பு, குடிமக்களின் பெயரைக் கொண்டுசேர்ப்பதில் மட்டும் காட்டும் சுறுசுறுப்பை வியக்காமல் இருக்க முடியவில்லை. கோபத்தில் சற்றுத் தள்ளிப் போய்விட்டேன், பொறுத்தருள்க.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. சிம் பெறுவதற்காக நாங்கள் அடையாளத்தைக் கொடுத்தது நிறுவனத்திடம். நாங்கள் அழைக்கும் எல்லாரிடமும் அல்ல.

ஆகவே, பெயரை மறைக்கும் விருப்பத்தைப் புதிய இணைப்புகளுக்கு விண்ணப்பத்திலும், பழைய இணைப்புகளுக்கு ஒரு குறுஞ்செய்தி வழியாகவும், கட்டணமோ காரணமோ கேட்காமல் வழங்குமாறு வேண்டுகிறேன். பெயருக்குப் பதிலாக ‘பெயர் வெளியிடப்படவில்லை’ என்று எண்ணுக்கு மேல் வரட்டும். அழைப்பை எடுப்பதா விடுவதா என்பதைப் பெறுபவர் முடிவு செய்துகொள்வார்.

தங்கள் உண்மையுள்ள,
மதுரையிலிருந்து ஒரு சந்தாதாரர்