ஐஸ் பெட்டிக்காரர் முதல் ஃபிரீசர் மெக்கானிக் வரை: ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம். இறந்தவர்களின் தோலையும், இடுப்பு மூட்டு மாற்றும்போது கழிக்கிற எலும்பையும் தானமாக வாங்கிப் பாதுகாத்து, தேவைப்படும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் திசு வங்கியிலிருந்து எழுதுகிறேன்.

பெயர் போட்டு நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பது வெளியே தெரியக்கூடாது. அதனால் தொழிலை மட்டும் சொல்லிப் போகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் ஐஸ் பெட்டிக்காரர். ஒரு வீட்டில் சாவு என்றால் டாக்டருக்கு அடுத்து அவருக்குத்தான் போன் போகிறது. நாங்கள் தோல் எடுக்க வேண்டுமானால் உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்புவதிலேயே பாதி நேரம் கரைந்துவிடும். இவர் பெட்டியை இறக்கி, பிளக்கை மாட்டிவிட்டு, அழாமல் நிற்கிற ஒருவரைத் தனியே கூப்பிட்டு, "ஏனுங்க, தோல் தானம்னு ஒண்ணு இருக்குதுங்க, கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பார். டீசலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒருமுறை பணம் நீட்டினேன். கோபித்துக்கொண்டார்.

அப்புறம் அந்த வீடுகள். பல்லடம் பக்கம் ஒரு தறிக்காரர் வீடு, விடிகாலை மூன்று மணி. தறி ஓடாத வீட்டின் அமைதியை அன்றுதான் கேட்டேன். தொடையிலும் முதுகிலும் வெங்காயச் சருகு மாதிரி மேல்தோலை மட்டும் எடுப்போம், முக்கால் மணி நேரம், கட்டுப் போட்டுத் துணி உடுத்திக் கொடுத்துவிடுவோம் என்று விளக்கினேன். இறந்தவரின் அக்கா அவர் கையைப் பிடித்தபடியே இருந்தார். "அவளுக்கு ஊசின்னாலே பயமுங்க. வலிக்காதுங்களா?" என்றார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்றும் வாயில் வரவில்லை. "வலிக்காதுங்க ஆத்தா" என்றேன். சரி என்று கையை விட்டார். வேலை முடிந்து வெளியே வந்தால், அடுப்பு எரியாத அந்த வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டு வரக்காப்பி எங்களுக்காகக் காத்திருந்தது.

அப்படி வரும் தோலை 85 சதவீத கிளிசராலில் ஊறவைத்து நான்கு டிகிரியில் வைத்தால் ஐந்து வருஷம் வரை தாங்கும். அதற்குச் சாதாரணக் குளிர்பெட்டியே போதும். எங்களைப் போலச் செலவு கையைக் கடிக்கும் திசு வங்கிகள் பிழைப்பதே இதனால்தான். ரத்த வகை பொருந்த வேண்டியதும் இல்லை. வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகையில் கொதிக்கிற பாகுக் கொப்பரையில் தவறி விழுந்த ஒரு பையனுக்கு, அவன் உடம்பில் எடுத்து ஒட்டப் போதுமான தோலே மிஞ்சவில்லை. தானமாக வந்த தோலைப் போர்த்தினார்கள். அது நிலைக்காது, இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு தள்ளிவிடும். ஆனால் அதுவரை நீர் வடியாமல், கிருமி ஏறாமல், வலி குறைந்து கிடந்தான். அதற்குள் அவனுடைய சொந்தத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒட்ட முடிந்தது. எந்த வீட்டுத் தோல் என்று சொல்ல மாட்டேன்.

இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கும் நன்றி. உங்கள் தொடை எலும்பின் தலை, பெரிய எலுமிச்சை அளவு, முன்பெல்லாம் குப்பைக்குப் போனது. இப்போது நோய்க்கட்டியை வெட்டி எடுத்த எலும்பின் பள்ளத்தை அது நிரப்புகிறது. நோய் தொற்றிய புதிதில் ரத்தச் சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், எலும்பை 180 நாள் உறையவைத்து, கொடுத்தவருக்கு மறுபடி சோதனை செய்வோம். அப்புறம்தான் கழுவி, உலர்த்தி, கிருமி சாக 25 கிலோகிரே அளவு காமா கதிர் காட்டுவது. அந்த இரண்டாவது சோதனைக்காக, உங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லாமல், தாராபுரத்திலிருந்து ஊன்றுகோலோடு பஸ் ஏறி வந்தீர்கள்.

1994இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்புகளுக்கானது. 2011 திருத்தத்தில் தோல், எலும்பு போன்ற திசுவும் சேர்ந்தது, 2014இல் விதிகள் வந்தன. எங்கள் வங்கியின் பதிவுக்கான காகிதக் கட்டை உட்கார்ந்து அடுக்கிக் கொடுத்த ஓய்வுபெற்ற தலைமை எழுத்தருக்கு ஒரு கும்பிடு.

2012இல் கோவையில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனது. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு மைனஸ் 80 டிகிரி ஃபிரீசர். பக்கத்துப் பம்ப் பட்டறைக்காரர் ஒரு லேத்தை நிறுத்திவிட்டுத் தன் ஜெனரேட்டரிலிருந்து எங்களுக்கு வயர் இழுத்துக் கொடுத்தார். அவருக்கும் ஆர்டர் நெருக்கடி இருந்த நேரம் அது.

ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிரீசரின் கம்ப்ரசர் நின்றுபோனது. சூடு ஏறினால் என் போனுக்குச் செய்தி வர வேண்டும். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போட மறந்தது நான்தான். உள்ளே இருந்த எலும்பு அத்தனையையும் அழிக்க வேண்டியதாயிற்று. கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொன்னேன். ஒருவர், "இன்னொரு இடுப்பும் தேஞ்சுதான் இருக்குதுங்க, மாத்தும்போது தர்றேன்" என்றார்.

அன்றைக்கு வீட்டு விசேஷத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்து கம்ப்ரசரை ஓடவைத்த மெக்கானிக் இப்போது மாதக் கடைசியானால் தவறாமல் போன் செய்கிறார்: "சிம்முக்குப் போட்டாச்சுங்களா?"

நன்றியுடன்,
திசு வங்கிப் பொறுப்பாளர்,
கோவை