மெடிக்கல் போர்டு காரணத்தை எழுதிக் குடுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர். வேலூர் பக்கம் எங்க ஊருங்கள்ல தெருவுக்கு நாலு வீடு மிலிட்டரி வீடுதான், அதனால நான் எழுதுறது எங்க வீட்டு விஷயம் மட்டும் இல்லைங்க. ரிட்டயர் ஆகுறப்போ பட்டாளத்து டாக்டருங்க உடம்பைப் பார்த்து எழுதுற ரிலீஸ் மெடிக்கல் போர்டுல அவருக்கு பிபி இருக்கு, 30 சதவீத டிசெபிலிட்டி (உடல் பாதிப்பு), ஆயுசுக்கும் இருக்கும்னு எழுதுனாங்க. அதே பேப்பர்லயே, இது சர்வீஸால வந்ததும் இல்ல, சர்வீஸால அதிகமானதும் இல்லன்னும் எழுதிட்டாங்க. ஏன்னா நோய் ஆரம்பிச்சப்போ அவர் பீஸ் ஸ்டேஷன்ல, அதாவது சண்டை, எல்லைன்னு இல்லாத அமைதியான இடத்துல இருந்தாராம். அதுக்கு முன்னாடி லடாக் மலை மேல கிடந்தது, ராத்திரி ராத்திரியா கார்டு டூட்டி பார்த்தது, அவங்க அம்மா சாவுக்குக்கூட லீவு கிடைச்சு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போனது, இதெல்லாம் அந்த பேப்பர்ல எங்கயும் இல்ல. அந்த ஒரு வரியை வச்சே, சர்வீஸால வந்த பாதிப்புக்கு குடுக்குற டிசெபிலிட்டி பென்ஷன் கிடையாதுன்னு லெட்டர் வந்துடுச்சு.

பட்டாளத்துல சேர்க்கும்போது எப்படி பார்த்து எடுக்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஓட விட்டு, மார்பு அளந்து, கண்ணு காது பல்லு வரைக்கும் பார்த்து, சின்ன குறை இருந்தாலும் திருப்பி அனுப்பிடுறாங்க. அப்படி நல்லா இருந்து போன மனுஷன் நோயோட திரும்பி வந்தா, அது சர்வீஸால வரலன்னு நிரூபிக்க வேண்டியது யாரு? சுப்ரீம் கோர்ட்டு 2013-லயே தர்மவீர் சிங் கேஸ்ல இதுக்கு பதில் சொல்லிடுச்சு. சேரும்போது அந்த நோய் இருக்குன்னு குறிப்பு இல்லன்னா அது சர்வீஸால வந்ததாத்தான் எடுத்துக்கணும், நிரூபிக்கிற பொறுப்பு சிப்பாய்க்கு கிடையாது, இல்லன்னு சொன்னா மெடிக்கல் போர்டு காரணம் எழுதணும். அந்த தர்மவீர் சிங் 1985-ல சேர்ந்து, வலிப்பு வந்து 1994-ல வெளிய அனுப்பப்பட்டவர். தீர்ப்பு வந்தது 2013-ல. இத்தனை வருஷம் அந்தக் குடும்பம் எப்படி ஓட்டுச்சோ, நினைச்சாலே வயிறு எரியுது.

தீர்ப்பு வந்தப்புறமும் ஒவ்வொருத்தரும் தனித்தனியா கேஸ் போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கு. மொத ரெண்டு அப்பீல் போடணும், அதுவும் ரிஜெக்ட் ஆனா சென்னையில இருக்குற ஆயுதப்படை தீர்ப்பாயத்துக்கு போகணும், வக்கீல் ஃபீஸ், பஸ் செலவு, எல்லாம் பென்ஷன் காசுல இருந்துதான். அங்க ஜெயிச்சவங்களையும் மேல்கோர்ட்டுக்கு இழுக்குறாங்க. இந்த மாதிரி கேஸ்ல அரசாங்கம் அப்பீல் மேல அப்பீல் போடுறதை குறைக்கணும்னு 2015-ல பாதுகாப்பு அமைச்சரா இருந்த மனோகர் பாரிக்கர் போட்ட நிபுணர் குழுவே சொல்லிடுச்சு, இன்னும் ஓயல.

எங்க வீட்டுக்காரர் கேஸ் போடவே ஒத்துக்கல. சோறு போட்ட பட்டாளத்து மேலயே கேஸா, யூனிட்ல இருக்குறவங்க என்ன நினைப்பாங்கன்னு சொல்லிட்டு பேப்பர் எல்லாத்தையும் டிரங்க் பெட்டியில வச்சு பூட்டிட்டாரு. நிறைய பேர் வீட்ல இதுதான் நிலைமை, கேஸ் போடுறதை பிச்சை கேக்குறதா அந்த வீட்டு ஆம்பளைங்க நினைக்கிறாங்க. உரிமையைத்தான் கேக்குறோம்னு நான்தான் அவர்கிட்ட திரும்பத் திரும்ப சொல்லி, எங்க பையனை வச்சு அப்பீல் எழுத வச்சேன். இப்போ கேஸ் தீர்ப்பாயத்துல இருக்கு.

காசு விஷயமும் சொல்லிடுறேன், நிறைய குடும்பத்துக்கு இது தெரியல. 100 சதவீத டிசெபிலிட்டிக்கு கடைசி சம்பளத்துல 30 சதவீதம், குறைஞ்சா அதுக்கேத்த மாதிரி குறையும். 20 சதவீதமாவது இருக்கணும். 2014-ல ராம் அவதார் கேஸ் தீர்ப்புக்கு அப்புறம், 50-க்கு கீழ இருந்தா 50-ஆ எடுத்துக்கணும், முழு சர்வீஸ் முடிச்சு ரிட்டயர் ஆனவங்களுக்கும் உண்டு. அப்போ டிசெபிலிட்டி 30 போட்டவருக்கும் 50-ஆ எடுத்து, 100-க்கு வர்றதுல பாதி, கடைசி சம்பளத்துல 15 சதவீதம் மாசாமாசம் வரணும். எங்க வீட்ல அது மாத்திரை செலவு போக மளிகைக்கும் ஆகுற காசு. லேட்டா போனா இன்னொரு கஷ்டம், 2008-ல தர்சேம் சிங் கேஸ்ல அரியர்ஸ் கேஸ் போட்டதுக்கு முந்தின மூணு வருஷத்துக்குதான்னு சொல்லிட்டாங்க, அதையே பல கேஸ்ல காட்டுறாங்க. விவரம் தெரியாம இருந்த வருஷமெல்லாம் வீணாப் போயிடுது.

அரசாங்கத்துகிட்ட நான் கேக்குறது, மெடிக்கல் போர்டு இல்லன்னு சொன்னா ஏன் இல்லன்னு விளக்கமா எழுதட்டும், பீஸ் ஸ்டேஷன்னு ஒரு வரி போதாது. ரிட்டயர் ஆகிற அன்னைக்கே போர்டு பேப்பர் காப்பியை கையில குடுக்கட்டும். ரிஜெக்ட் பண்ற லெட்டரை தமிழ்லயும் அனுப்பட்டும், இங்கிலீஷ்ல வர்றதை எங்க தெருவுல பாதிப் பேர் அடுத்தவங்ககிட்ட குடுத்துதான் படிக்கிறாங்க, அப்பீலுக்கு டைம் இருக்குன்னு தெரியுறதுக்குள்ள அந்த டைம் போயிடுது. கோர்ட்டு ஏற்கனவே முடிவு பண்ண மாதிரியே இருக்குற கேஸை எல்லாம் டிபார்ட்மெண்டே எடுத்துப் பார்த்து பென்ஷன் குடுத்துடட்டும்.

இதைப் படிக்கிற மிலிட்டரி வீட்டுக்காரங்க உங்க பெட்டியில இருக்குற போர்டு பேப்பரை எடுத்து எத்தனை சதவீதம் போட்டிருக்குன்னு பாருங்க. 20-ஓ அதுக்கு மேலயோ இருந்து டிசெபிலிட்டி பென்ஷன் வரலன்னா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போய் கேளுங்க.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ வீரர் ஒருவரின் மனைவி,
வேலூர் மாவட்டம்.