டிவியை யாருக்குக் கொடுப்பது? கடலோர லீக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் கடலோரக் கால்பந்து லீக்கை நடத்தும் கமிட்டியின் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் ஊர்ப் பெரியவர்களுக்கு,

வணக்கம். இறுதி ஆட்டத்துக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. அதற்குள் கோப்பையைக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பாதி ஆட்டக்காரர்கள் ஐஸ் ஏற்றவும் டீசல் பிடிக்கவும் போய்விடுவார்கள் என்ற உங்கள் அவசரம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த அவசரத்தில் ‘தொடரின் சிறந்த வீரர்’ பரிசையும் சேர்த்தே முடித்துவிட்டதாகப் பேச்சு. பேச்சு என்ன, பாலத்து முக்கில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸில் பத்தாம் நம்பர் தம்பியின் படத்தைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் டிவி படத்தையும் போட்டாகிவிட்டது. இறுதி ஆட்டம் நடக்கவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் பரிசு மட்டும் முடிவாகிவிட்டது!

லீக்கின் ஸ்கோர் நோட்டு என் கையில் இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அணிப் பாசம் எதுவும் கிடையாது. என் ஊர் அணி புள்ளிப் பட்டியலின் அடியில் கிடக்கிறது. வாதாடி வாங்கிக் கொடுக்க அங்கே ஆளில்லை.

ஏலக்கூடத்திலும் டீக்கடையிலும் மூன்று பேர்தான் அடிபடுகிறார்கள். கோல் வரிசையில் முதலில் நிற்கும் பத்தாம் நம்பர். தென்கடல் அணியின் கீப்பர். அப்புறம், வடகடல் ஓரத்துச் சின்ன ஊர் அணியில் ஹாஃப், அதாவது நடுக்களத்தில், ஆடும் எட்டாம் நம்பர். கீப்பர் தம்பி அருமையான கீப்பர், சந்தேகமில்லை. ஆனால் தோள் வலியால் அவர் உட்கார்ந்திருந்த ஆட்டங்களிலும் அந்த அணி கோல் வாங்கவில்லை. முன்னால் நிற்கும் இரண்டு பேக்குகளும் அப்படி. அதனால் அவரை இத்தோடு விட்டுவிடுகிறேன். மீதி இரண்டு பேரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பத்தாம் நம்பர் மோசமான ஆட்டக்காரர் என்று நான் சொல்லவே மாட்டேன். அவருடைய இடது காலைப் பார்க்கவே டிக்கெட் போடலாம். காசு கொடுத்துக் கூட்டிவந்த வெளியூர் ஆள், அவருக்குப் பரிசு கொடுக்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். அது தப்பு. வெளியூர் ஆட்டக்காரர் வரலாம் என்று விதி போட்டது நாம்தான். ஆடவிட்டுவிட்டு, பரிசு கொடுக்கும்போது மட்டும் ஊரைக் கேட்பது நியாயமில்லை.

என் பிரச்சினை காற்று.

நம் மைதானம் தென்கடல் ஓரத்தில், கடலிலிருந்து கருவேலங்காட்டை நோக்கிக் கிடக்கிறது. மே மாதத்துக் கச்சான் காற்று அதன் நீளத்துக்கே அடிக்கும். கருவேலங்காட்டுப் பக்கத்து கோலை நோக்கி ஆடும் அணிக்குக் காற்று முதுகில், கடல் பக்கத்து கோலை நோக்கி ஆடும் அணிக்கு முகத்தில், மணலும் சேர்ந்து. ஆறு மணிக்கு மேல் காற்று கொஞ்சம் அடங்கிவிடும் என்பதால் டாஸ் ஜெயித்தவர்கள் எல்லாருமே முதல் பாதியில் காற்றைத்தான் கேட்கிறார்கள். இது இங்கே பந்து உதைத்த சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் கோல் கணக்கு எழுதும்போது நாம் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

நான் பார்த்தேன். நோட்டில் ஒவ்வொரு கோலுக்கும் நிமிடம் எழுதியிருக்கிறேன், எந்தப் பக்கம் ஆடினார்கள் என்பதும் இருக்கிறது. பத்தாம் நம்பர் அடித்த கோல்களில் எதிர்காற்றில் அடித்தது ஒன்றே ஒன்று, அதுவும் பெனால்டி. மற்றதெல்லாம் காற்று முதுகில் இருந்தபோது. அவர் அணி டாஸிலும் கொடுத்துவைத்த அணி. காற்றோடு அடித்தால் அது கோல் இல்லையா என்று கேட்பீர்கள். கோல்தான். ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் வைத்து, இந்த லீக்கில் இவரைவிட மதிப்புள்ள ஆட்டக்காரர் கிடையாது என்று சொல்ல முடியாது. எதிர்காற்றுப் பாதியில் அவர் நடுக்கோட்டில் இடுப்பில் கை வைத்து நின்றதை நீங்களும்தான் பந்தலில் உட்கார்ந்து பார்த்தீர்கள்.

இப்போது எட்டாம் நம்பர். இந்த இரண்டு அணிகளும் லீக் சுற்றில் மோதிய ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். டாஸ் தோற்று, எட்டாம் நம்பர் அணி முதல் பாதி முழுக்க எதிர்காற்றில் ஆடியது. அப்படிப்பட்ட பாதியில் கீப்பர் கோல் கிக்கை ஓங்கி அடித்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதானே. பந்து மேலே ஏறும், அந்தரத்தில் ஒரு நொடி நிற்கும், அப்புறம் அடித்தவர் தலைக்கே திரும்பி வரும். முதல் கிக் அப்படித்தான் வந்தது. உடனே எட்டாம் நம்பர் ஓடிப் போய்ப் பெட்டியின் மூலையில் நின்று, உள்ளங்கையைத் தரையைப் பார்த்து அசைத்து, “கீழே, கீழே” என்று கத்தினார். அதற்கப்புறம் அந்தப் பாதியில் கீப்பர் ஓங்கி அடிக்கவே இல்லை. பந்து கீழேயே உருண்டு இவர் காலுக்கு வரும், இவர் முதுகைக் காட்டி மறைத்து, பக்கத்து ஆளுக்குத் தட்டுவார், திரும்ப வாங்குவார். பார்க்க அழகே இல்லை. பந்தலில் ஒருவர் “முன்னாடி அடிடா” என்று வைததுகூடக் கேட்டது. நல்லவேளை, அவர் காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்தார்.

கார்னர் வந்தபோது இன்னும் நுணுக்கம். பத்தாம் நம்பரின் இடது கால் கார்னர் கச்சானில் வெளியே போவது போலப் போய், கடைசியில் வளைந்து இரண்டாம் போஸ்டுக்குள் விழும். வேறு இரண்டு அணிகளிடம் அப்படி நேராகவே கோல் போட்டிருக்கிறார். எட்டாம் நம்பர் ஆளைப் பிடிக்கப் போகாமல் இரண்டாம் போஸ்டைக் கையால் தொட்டபடி கோட்டிலேயே நின்றார். இரண்டு தடவை கோட்டிலிருந்து தலையால் எடுத்தார். இடைவேளைக்கு ஆளுக்குச் சைபர். இரண்டாம் பாதியில் காற்று இவர்கள் பக்கம் வந்ததும் எல்லாரும் தூக்கி அடிக்கத் தொடங்க, இவர் மட்டும் தரையோடு விங்குக்கு ஒரு பந்து வைத்தார். அதை விங்கர் உள்ளே கொண்டுபோய் அடித்து, ஒன்றுக்குச் சைபர் ஜெயித்தார்கள். நோட்டில் கோல் என்ற கட்டத்தில் விங்கர் பெயர் இருக்கிறது. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, மாற்று ஆட்டக்காரர் என்று மற்ற கட்டங்களும் இருக்கின்றன. எட்டாம் நம்பர் அன்றைக்குச் செய்ததை எழுத ஒரு கட்டமும் இல்லை. ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன்.

இன்னொன்று. அவர் நாட்டுப்படகு ஆள். தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. ராத்திரி கடலுக்குப் போய் வந்து, சாயங்காலம் ஆடுகிறார். இதைச் சொல்வது பரிதாபப்பட்டுப் பரிசு கொடுங்கள் என்பதற்காக இல்லை. பரிதாபத்துக்குத் தருவதென்றால் டிவி வேண்டாம், சாப்பாடு போடுங்கள் போதும். ஒரு ஆட்டம்கூட விடாமல் ஆடினார் என்பதற்காகச் சொல்கிறேன். லீக் என்றால் அதுவும் கணக்கில் வர வேண்டும். பத்தாம் நம்பர் பாதித் தொடரில்தான் வந்து சேர்ந்தார்.

அதிகக் கோல் அடித்தவரும் சிறந்த ஆட்டக்காரரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை என்பதை நம் நாட்டு ஐ.எஸ்.எல். கால்பந்து லீக்கே காட்டியிருக்கிறது. 2020-21 சீசனில் கோவாவின் இகோர் அங்குலோவும் மோகன் பகானின் ராய் கிருஷ்ணாவும் ஆளுக்கு 14 கோல். குறைந்த நிமிடங்களில் அடித்ததால், அதிகக் கோலுக்கான தங்கக் காலணி அங்குலோவுக்குப் போனது. தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை ராய் கிருஷ்ணா வாங்கினார். இங்கிலாந்தில் 2016-17இல் செல்சி கோப்பை வென்றபோது, ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சிறந்த வீரர் என்கோலோ காண்டே. அந்த சீசன் லீக் ஆட்டங்களில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். நம் எட்டாம் நம்பர் ஆடும் இடத்தில்தான் அவரும் ஆடினார். எதிரே ஆடிக் களைத்தவர்களுக்குத்தான் அவர் அருமை தெரிந்தது. 2024இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் வாங்கிய ரோட்ரியும் நடுவில் நின்று காக்கும் ஆட்டக்காரர்தான்.

அமெரிக்காவில் பந்தைக் கையால் எறிந்து ஆடும் வேறொரு ஃபுட்பால் இருக்கிறது. அங்கேயும் ஆண்டுக்கு ஆண்டு இதே சண்டைதான். 2012இல் பந்தோடு ஓடும் ஏட்ரியன் பீட்டர்சன் சீசனின் மதிப்புமிக்க வீரர் பரிசை வாங்கியதற்குப் பிறகு, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைத் தவிர வேறு இடத்தில் ஆடும் யாருக்கும் அந்தப் பரிசு போகவில்லை. கண்ணுக்கு எடுப்பாகத் தெரிகிறவரிடமே பரிசு போய் ஒட்டிக்கொள்வது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை போலிருக்கிறது.

“எட்டாம் நம்பர் அணி அரையிறுதியில் தோற்றுவிட்டதே, தோற்ற அணிக்காரருக்கா?” என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். பெனால்டியில் தோற்றது, அவர் தன் பெனால்டியைப் போட்டார், அது கிடக்கட்டும். 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்.சி. பெங்களூருவிலேயே போய் 3-2 என்று கோப்பை வாங்கி வந்தது நினைவிருக்கிறதா? அன்று தலையால் இரண்டு கோல் போட்டவர் நம் அணியின் டிஃபெண்டர் மெயில்சன் ஆல்வெஸ். நாமெல்லாம் இங்கே வெடி போட்டோம். ஆனால் அந்தத் தொடரின் சிறந்த வீரர் தோற்ற அணியின் சுனில் சேத்ரி. அவர் அணிதான் லீக் பட்டியலில் முதலிடம், அவர் அதை அங்கே கொண்டுபோனார். நமக்குக் கொஞ்சம் எரிந்தாலும் அது சரியான முடிவு. தொடருக்கான பரிசு தொடருக்குத்தான். இறுதி ஆட்டத்துக்கு வேண்டுமானால் தனியாக ஒன்று கொடுங்கள்.

அதேபோல, ஆட்டம் முடியும் முன்பே முடிவு செய்வதும் ஆபத்து. 2002 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டத்துக்கு முன்பே ஓட்டு வாங்கிவிட்டார்கள். ஜெர்மனி கீப்பர் ஆலிவர் கானுக்குத் தங்கப் பந்து. அதுவரை அவர் வாங்கியிருந்தது ஒரே ஒரு கோல், அதனால் தப்பில்லைதான். ஆனால் இறுதி ஆட்டத்தில் ரிவால்டோ அடித்த பந்து அவர் கையிலிருந்து நழுவ, ரொனால்டோ தட்டிவிட்டார், பிறகு இன்னொன்றும் போட்டார். தொடரில் எட்டு கோல் அடித்து, கோப்பையையும் வாங்கிய ரொனால்டோ இருக்க, தங்கப் பந்து கானுக்குப் போனது. கானுக்குத் தகுதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இல்லாமல் ஜெர்மனி அங்கே வந்திருக்காது. ஆனால் ஒரு நாள் பொறுத்திருந்தால் இத்தனை வருஷம் யாரும் இதைப் பேசியிருக்க மாட்டார்கள். வரப்போகும் இறுதி ஆட்டத்தில் பத்தாம் நம்பர் எதிர்காற்றில் இரண்டு கோல் போட்டு என் வாயை அடைத்தால், நானே அவருக்குக் கை தட்டுவேன். அதற்காவது பொறுங்கள்.

கேட்பது சின்ன விஷயங்கள்தான். அதிகக் கோல் அடித்தவருக்கு என்று தனியாக ஒரு கோப்பை வையுங்கள், பத்தாம் நம்பருக்கு அது மறுபேச்சில்லாமல் சேரும். ஃபிளெக்ஸையும் கழற்ற வேண்டாம், ‘சிறந்த வீரர்’ என்ற இடத்தில் ‘அதிகக் கோல் அடித்தவர்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். டிவி வாங்கிக் கொடுத்த சவுதி அண்ணன் வருத்தப்படுவார் என்று பொருளாளர் பயப்படுகிறார். அவர் பணம் கொடுத்தார், இன்னாருக்குத்தான் என்று பெயர் கொடுக்கவில்லை. அவரும் நம் மைதானத்தில் பேக் ஆடியவர்தான் என்று கேள்வி.

டிவி யாருக்கு என்பதை அணி கேப்டன்களிடம் விடுங்கள். கேப்டனுக்கு ஒரு ஓட்டு, தன் அணி ஆளுக்குப் போடக் கூடாது. ஆட்டம் ஊதிய இரண்டு ரெஃப்ரிகளுக்கும் ஓட்டு இருக்கட்டும். இறுதி விசில் அடித்ததும், பரிசளிப்புக்கு மைக் கட்டி முடிப்பதற்குள் சீட்டு வாங்கி எண்ணிவிடலாம். சிறப்பு விருந்தினர் பேச்சு எப்படியும் அரை மணி நேரம் ஓடும். எனக்கு ஓட்டு வேண்டாம். கேப்டன்கள் யாராவது நோட்டைப் பார்க்க வேண்டும் என்றால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை வலைக் கொட்டகையில்தான் இருப்பேன். ஓரத்தில் இருக்கும் பென்சில் எழுத்து கிறுக்கலாக இருக்கும், கேட்டால் படித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்கோர் நோட்டுக்காரன்